அவசரப் பிரிவின் வாசலில் நிற்பவர்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், உலக நோயாளர் நாள் மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். 1992ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இந்த நாளை உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். 1993 முதல் திருச்சபை எங்கும் இது கொண்டாடப்படுகிறது. ஆண்டுதோறும் இந்நாளில் நாம் நோயாளிகளுக்காகச் செபிக்கிறோம். அவர்களுக்கு எண்ணெய் பூசுகிறோம். முதியோருக்குப் பழமும் ரொட்டியும் கொடுத்து மகிழ்கிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் பொன்விழா ஆண்டில் சற்று வேறு விதமாகச் சிந்திக்கலாம் என்று நினைத்தேன். இன்று நோயாளியைப் பற்றி அல்ல, நோயாளி வந்து சேரும் வாசலில் நிற்கும் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவரே அவசர சிகிச்சை மருத்துவர்.

நம் பங்கில் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பெற்றோர் என்னிடம் அழைத்து வருகிறார்கள். "ஃபாதர், டாக்டருக்குப் படிக்கணும்ங்கிறான், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்கிறார்கள். என்ன டாக்டர் என்று கேட்டால் இருதய டாக்டர், குழந்தை டாக்டர், கண் டாக்டர் என்று பதில் வருகிறது. அவசரப் பிரிவு டாக்டராகப் போகிறேன் என்று சொன்ன பிள்ளையை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆயினும் இரவு இரண்டு மணிக்கு நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால் நாம் ஓடுவது யாரிடம்? அந்த வாசலில் விழித்திருப்பவரிடம்தானே? அவர் எப்படி உருவாகிறார், என்ன படிக்கிறார், எதைச் சுமக்கிறார் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு தொழில் பிறந்த கதை

மருத்துவம் மிகப் பழையது. அவசர மருத்துவம் என்னும் தனிப் படிப்போ மிகப் புதியது. ஆயினும் அதன் வேர்கள் போர்க்களத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுப் படைகளில் அறுவை மருத்துவராயிருந்த டொமினிக் லாரே என்பவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அடிபட்டவர்களைச் சண்டை முடியும்வரை களத்திலேயே கிடக்க விடும் வழக்கத்தைக் கண்டு பொறுக்காமல், குதிரைகள் இழுக்கும் இலகுவான வண்டிகளை அமைத்தார். அவற்றுக்குப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர். பின்பு நெப்போலியனுடைய படையில் புகழ் பெற்ற இவர், இன்னொரு விதியையும் வகுத்தார். யாருடைய காயம் கடுமையானதோ அவருக்கே முதல் சிகிச்சை. அவர் தளபதியா, சிப்பாயா, நம்மவரா, எதிரியா என்று பார்க்கக் கூடாது. இன்று உலகெங்கும் அவசரப் பிரிவில் நடப்பது இந்த விதியே.

அவருக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் திருச்சபையில் புனித கமில்லஸ் வாழ்ந்தார். இவர் முதலில் போர்வீரர். சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்றவர். காலில் ஆறாத புண் உடையவர். அந்தப் புண்ணுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கே நோயாளிகள் படும் பாட்டைக் கண்டு மனம் மாறி, அவர்களுக்காகவே ஒரு சபையை நிறுவினார். அச்சபையினர் கறுப்பு அங்கியின்மேல் சிவப்புச் சிலுவை அணிந்து, கொள்ளை நோய் பரவிய இடங்களுக்கும் போர்க்களங்களுக்கும் சென்றார்கள். 1614ஆம் ஆண்டில் இறந்த கமில்லஸை, 1886ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளே நெடுங்காலம் இந்த வேலைக்குத் தனி மருத்துவர் இல்லை. நம் ஊரில் 'கேசுவாலிட்டி' என்று சொல்வோமே, அங்கே முறைவைத்து ஒரு நாள் எலும்பு டாக்டர் இருப்பார், மறுநாள் தோல் டாக்டர் இருப்பார், இன்னொரு நாள் படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர் இருப்பார். யாருக்கும் அது சொந்த இடம் அன்று; வந்து போகும் திண்ணை. இந்த நிலை நம் நாட்டில் மட்டும் இருந்ததில்லை, செல்வ நாடுகளிலும் இருந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 1952ஆம் ஆண்டில்தான் மாரிஸ் எல்லிஸ் என்பவர் இப்பிரிவுக்கென்றே முழுநேர மூத்த மருத்துவராக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் முதல் பயிற்சி தொடங்கிற்று. இந்தியாவில் 2009ஆம் ஆண்டில்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டது. நம் கோவிலின் வயதைவிட, நம் நாட்டில் இந்தப் படிப்பின் வயது குறைவு!

விமானம் விழுந்த இரவு

பழக்கமில்லாத கையில் அடிபட்டவர் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மருத்துவரின் வாழ்க்கையே சாட்சி. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டைனர் எலும்பு மருத்துவர். 1976ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தம் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். இரவில் வயல்வெளியில் விமானம் விழுந்து நொறுங்கிற்று. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகள் படுகாயமடைந்தார்கள். அடிபட்ட நிலையில் அவரே சாலைக்குச் சென்று வண்டியை நிறுத்தி, பிள்ளைகளைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கிருந்தவர்களுக்குப் பலத்த காயம்பட்டவர்களை எந்த வரிசையில் கவனிப்பது என்ற பயிற்சி இல்லை. அதைக் கண்டு அவர் நெஞ்சு கொதித்தது.

அவர் யாரையும் பழிவாங்கவில்லை. வேறு மருத்துவர்களையும் செவிலியர்களையும் சேர்த்துக்கொண்டு, சிறிய ஊர் டாக்டரும் கற்கும்படி ஒரு பயிற்சியை அமைத்தார். 1978ஆம் ஆண்டில் நெப்ராஸ்காவில் தொடங்கிய அந்தப் பயிற்சி இன்று நம் நாடு உட்பட உலகின் பல நாடுகளில் நடக்கிறது. அதன் சாரம் எளியது. முதலில் மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா என்று பார். கழுத்தை அசையாமல் காப்பாற்று. அடுத்து மூச்சு ஓடுகிறதா என்று பார். அதற்கடுத்து இரத்தம் எங்கே போகிறது, நாடி எப்படி இருக்கிறது என்று பார். பிறகு அறிவு தெளிவாக இருக்கிறதா என்று பார். கடைசியாக உடுப்பை நீக்கி, மறைந்திருக்கும் காயங்களைத் தேடு. எது முதலில் கொல்லுமோ அதை முதலில் கவனி! கை ஒடிந்து தொங்குவது கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆளைக் கொல்வது சத்தமில்லாமல் அடைபடும் மூச்சுதான்.

அன்பார்ந்தவர்களே, ஒரு மனிதன் தன் துயரத்தை என்ன செய்கிறான் என்பதில் அவனுடைய விசுவாசம் தெரிகிறது. ஸ்டைனர் தம் துயரத்தைப் பிறர் பிழைக்கும் வழியாக மாற்றினார். பாஸ்கா மறைபொருளைப் பற்றி நான் ஆண்டுதோறும் பிரசங்கம் செய்கிறேன். அதற்கு இதைவிட நல்ல உவமை வேண்டுமோ?

நம் மண்ணின் அவசரங்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் குழந்தைக்கும் தெரியும். மதராஸ் மாகாண ஆளுநராயிருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரால் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றிருந்து, பின்பு இராஜாஜியின் பெயரைப் பெற்றது அது. 1954ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் தொழில் பழகுகிறார்கள். திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று எத்திசையிலிருந்தும் கடைசியில் 'மதுரைக்குக் கொண்டு போங்க' என்றுதானே சொல்கிறார்கள்?

ஆகையால் இந்தப் பகுதியில் அவசர மருத்துவராக இருப்பவர் புத்தகத்தில் உள்ளதை மட்டும் படித்தால் போதாது. இந்த மண்ணையே படிக்க வேண்டும். தை மாதம் பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகள். களத்தில் மருத்துவக் குழு நிற்கும். கொம்பு வயிற்றில் பாய்ந்தவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் இலட்சக்கணக்கில் கூட்டம். கூட்ட நெரிசலில் மூச்சுத் திணறுவோரும் வெயிலில் மயங்கி விழுவோரும் உண்டு. தெற்கே பட்டாசுத் தொழில். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். மேற்கே மலை. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்கள் தீக்காயங்களோடு தேனிக்கும் மதுரைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த நாட்களில் அவசரப் பிரிவில் நின்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று யாராவது கேட்டோமா?

செய்தித்தாளில் வராத அவசரங்களும் உண்டு. வயலில் பாம்புக்கடி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் நம் நாட்டில் மிகுதியான உயிர்களை வாங்குபவை. இவற்றுள் கட்டுவிரியன் கள்ளத்தனமானது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட தடமே தெரியாமலும் போகலாம். விடிந்ததும் வயிற்று வலி என்பார், கண் இமை தானாக மூடும், பேச்சுக் குழறும். அனுபவம் இல்லாதவர் அஜீரணம் என்று அனுப்பிவிடுவார். அனுபவம் உள்ளவரோ, "ராத்திரி எங்கே படுத்தீங்க, கட்டிலிலா, தரையிலா?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஓர் உயிர் பிழைக்கும். விரியன் கடித்ததோ என்ற ஐயம் இருந்தால், இரத்தத்தில் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பொறுமையும் கடிகாரமும் போதும். அந்த விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பிடித்துத் தருபவர்களும் நம் ஏழைகளே. 1978ஆம் ஆண்டு முதல் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் மக்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதைச் செய்துவருகிறது.

இன்னும் வேதனையானது விஷம் குடித்து வருபவர்கள். பூச்சிமருந்து, அரளி விதை, எலி மருந்து. பரீட்சையில் தோற்ற பிள்ளை, கடனில் மூழ்கிய விவசாயி, கணவனிடம் அடிபட்ட பெண். மருத்துவர் குடலைக் கழுவ வேண்டுமா, எந்த மாற்று மருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் கணக்குப் போடுவார். மறு பக்கம், இந்த ஆள் பிழைத்தால் மறுபடியும் குடிப்பாரா என்று அவர் மனம் கேட்கும். முதல் கேள்விக்கு அவரிடம் மருந்து உண்டு. இரண்டாவது கேள்விக்கு மருந்து நம்மிடம் அல்லவா இருக்க வேண்டும்?

எத்தனை ஆண்டுப் படிப்பு!

இப்படிப்பட்டவர் ஒரே நாளில் உருவாவதில்லை. எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி. பிறகு அவசர மருத்துவத்தில் எம்.டி. மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டில் இருதயப் பிரிவு, குழந்தைப் பிரிவு, மகப்பேறு, எலும்பு, மயக்க மருந்து, தீவிர சிகிச்சை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று பழக வேண்டும். மற்ற மருத்துவர் ஓர் உறுப்பில் ஆழமாகப் போகிறார். இவரோ எல்லா உறுப்பிலும் முதல் ஒரு மணி நேரத்தை அறிந்தவர். பால்டிமோர் நகரில் விபத்துச் சிகிச்சையை வளர்த்த ஆடம்ஸ் கௌலி என்ற மருத்துவர் அந்த நேரத்துக்குப் 'பொன்னான ஒரு மணி நேரம்' என்று பெயர் கொடுத்தார். பொன்விழா கொண்டாடும் நாம் இந்தப் பொன்னையும் நினைவில் வைப்போம்.

அரசும் விழித்துக்கொண்டிருக்கிறது. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன் வேன் தேடி, கார் தேடி, வைக்கோல் வண்டியில் ஏற்றிப் போன கதைகளை நம் பெரியவர்கள் சொல்வார்கள். பின்பு அரசு ஆஸ்பத்திரிகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று ஒரு திட்டம் வந்தது. சுருக்கமாகத் 'தாய்' என்கிறார்கள். நல்ல பெயர்! அங்கே வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்புக்கு உடனே சிகிச்சை; பச்சை சற்றுக் காத்திருக்கலாம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்ற திட்டமும் தொடங்கிற்று. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த ஊர்க்காரராயினும், முதல் 48 மணி நேரத்துக்குத் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசச் சிகிச்சை உண்டு. கையில் காசில்லையே என்று நம்மவர் யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

ஒரு மகளின் கேள்வி

நம் பங்கில் பிறந்து, இந்தக் கோவிலில் புதுநன்மை வாங்கி, இன்று வேறோர் ஊரில் அவசர மருத்துவராயிருக்கும் ஒரு மகள் ஒருமுறை என்னிடம் வந்தார். அவர் சொன்னதை இங்கே சொல்கிறேன். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது அல்ல. சொல்லுங்கள் என்று அவரே அனுமதி தந்தார்.

"ஃபாதர், ஒரு ராத்திரி ஒரே சமயத்துல ரெண்டு பேரைக் கொண்டாந்தாங்க. ஒரு பெரியவர். வழியிலேயே ரொம்ப நேரமா நாடி இல்லை. இன்னொருத்தர் லாரியில அடிபட்ட பையன், இரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கு. நான் ஒரே ஆள். பெரியவரை ஒரு நர்ஸ்கிட்ட ஒப்படைச்சிட்டுப் பையனைப் பார்க்கப் போனேன். பையன் பிழைச்சான். பெரியவர் மகன் என்னைப் பார்த்து, 'எங்கப்பா கிழவன்னுதானே விட்டுட்டீங்க'ன்னு கேட்டாரு. அந்த வார்த்தை தூங்க விடமாட்டேங்குது. நான் செஞ்சது பாவமா ஃபாதர்?"

இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியலில் நாங்கள் படித்த பழைய விதி ஒன்று உண்டு. முடியாததற்கு எவரும் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் அந்த விதியை வறட்டுத்தனமாக எடுத்து நீட்டினால் அழுகிற நெஞ்சு ஆறாது. ஆகவே அவரிடம் கேட்டேன்: "அம்மா, வயசைப் பார்த்தா போனே? பணத்தைப் பார்த்தா போனே?" "இல்லை ஃபாதர். யாருக்கு என் கையால பிரயோசனம் உண்டுன்னு பார்த்தேன்." "அப்படியானால் நீ அவரைத் தள்ளிவிடவில்லை, பையனிடம் அனுப்பப்பட்டாய். இரண்டும் ஒன்றல்ல. பையன் பிழைத்த பிறகு என்ன செய்தாய்?" "பெரியவர்கிட்டப் போனேன். கண்ணை மூடி விட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். அப்புறம் மகன்கிட்டப் போய் உட்கார்ந்தேன்."

பிரியமானவர்களே, உயிரும் சாவும் ஆண்டவர் கையில் என்று நாம் சொல்கிறோம். அது உண்மை. ஆனால் அந்த உண்மையின் விளிம்பில் ஒவ்வொரு இரவும் நின்று, மனிதக் கணக்கில் ஒரு தீர்மானம் செய்துவிட்டு, அதைத் தம் மனச்சாட்சியில் சுமந்துகொண்டு காலையில் வீடு திரும்பும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கடவுள் என்று புகழவும் வேண்டாம். எமன் என்று ஏசவும் வேண்டாம். மனிதர்கள் என்று மதித்தால் போதும்.

ஏசுவது மட்டுமா? கை நீட்டுவதும் நடக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைத் தடுக்க 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும், 2024ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். துக்கம் கண்ணை மறைக்கும் என்பதை நான் அறிவேன். ஆனால் துக்கத்தில் ஓங்கும் கை, அடுத்த கட்டிலில் கிடக்கும் யாரோ ஒருவரின் சிகிச்சையையும் நிறுத்திவிடுகிறது என்பதை மறக்கலாமா?

மருத்துவர் எழுதிய உவமை

புனித சின்னப்பர் தம் கடிதம் ஒன்றில் லூக்காஸை மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார். நல்ல சமாரியன் உவமை நான்கு நற்செய்திகளில் லூக்காஸின் ஏட்டில் மட்டுமே இருக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஒரு சாலைச் சம்பவம். யெருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் வழியில் ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். குருவும் லேவியனும் விலகிப் போகிறார்கள். சமாரியன் என்ன செய்கிறான்? நிற்கிறான். கிட்டே வருகிறான். காயத்துக்கு எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டுகிறான். தன் வாகனத்தில் ஏற்றுகிறான். சத்திரத்தில் சேர்த்து அன்றிரவு பார்த்துக்கொள்கிறான். மறுநாள் பணமும் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் வாக்களிக்கிறான். முதலுதவி, ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, செலவு, மறுபரிசோதனை எல்லாம் இதில் இருக்கின்றனவே!

நம் நான்கு வழிச் சாலைகளிலும் சுற்றுச்சாலையிலும் மனிதர் அடிபட்டுக் கிடக்கும்போது நாம் யாராக இருக்கிறோம்? "போலீஸ், கேஸ், சாட்சி என்று இழுப்பார்களே" என்ற பயம் நெடுங்காலம் நியாயமாகவே இருந்தது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கார் மோதி அடிபட்டார். கொண்டு போன ஆஸ்பத்திரி, இது போலீஸ் கேஸ் என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிற்று. அவர் வழியில் இறந்தார். அந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த கட்டாரா தொடுத்த வழக்கில், முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டியது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு அதே நீதிமன்றம் சட்ட வலுக் கொடுத்தது. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு இல்லை. பெயர் சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் கூடாது. அந்தச் சட்டம் அவரை ஆங்கிலத்தில் 'நல்ல சமாரியன்' என்றே அழைக்கிறது. நற்செய்தியின் ஒரு சொல் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. கோவிலுக்கு வரும் நாம் மட்டும் இன்னும் குருவும் லேவியனுமாக விலகிப் போகலாமா?

எரிமலை அடிவாரத்தில் ஒரு புனிதர்

நேப்பிள்ஸ் நகரில் ஜூசெப்பே மொஸ்காத்தி என்ற மருத்துவர் இருந்தார். 1906ஆம் ஆண்டு ஏப்ரலில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அவருக்கு வயது 25. எரிமலை அடிவாரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் முதியோரும் முடக்குவாதக்காரரும் படுத்திருந்தார்கள். சாம்பல் கூரைமேல் குவிந்துகொண்டிருந்தது. மொஸ்காத்தி அங்கே விரைந்து, ஒவ்வொருவராக வெளியேற்றினார். கடைசி நோயாளி வெளியே வந்த சிறிது நேரத்தில் கூரை இடிந்து விழுந்தது. பின்பு மேலிடத்துக்கு எழுதியபோது தம்மைப் பற்றிச் சொல்லாமல், உடன் உழைத்தவர்களுக்கே பாராட்டுக் கேட்டார். ஏழைகளிடம் காசு வாங்காத அவர், 1927ஆம் ஆண்டில் தம் 46ஆம் வயதில் இறந்தார். 1987ஆம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அவசர மருத்துவம் என்ற பட்டம் அவருக்கு இல்லை. அந்த மனம் இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பு அணிந்தும் புனிதராகலாம் என்பதை மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் அறியட்டும்.

அவஸ்தையும் அவசரமும்

குரு என்ற முறையில் ஒரு வார்த்தை. நம் பெரியவர்கள் 'அவஸ்தைப் பூசுதல்' என்றே சொல்வார்கள். அதனால் உயிர் போகும் தறுவாயில்தான் சாமியாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. சாமியார் வந்தால் ஆள் போய்விடுவார் என்று பயப்படுவோரும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதற்குப் புதிய ஒழுங்கு கொடுத்தார். அது சாவுக்கு முத்திரை அன்று, நோயாளிக்குத் தேவபலம். மருத்துவரைச் சீக்கிரம் கூப்பிடுவது போலக் குருவையும் சீக்கிரம் கூப்பிடுங்கள். இரவு எந்நேரமானாலும் பங்கு இல்லத்து மணியை அடியுங்கள். ஆனால் முதலில் 108, பிறகு என்னை. எனக்காக ஆம்புலன்ஸைக் காக்க வைக்காதீர்கள். நான் பின்னால் வந்துவிடுவேன்!

பொன்விழாத் தீர்மானங்கள்

பொன்விழாவுக்குக் கொடிமரம் புதுப்பித்தோம். கெபிக்கு வர்ணம் பூசினோம். இன்னும் ஐந்து காரியங்கள் செய்வோம்.

முதலாவது, ஒவ்வொரு அன்பியத்திலும் இருவராவது முதலுதவி கற்கட்டும். நாடி நின்றவரின் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தக் கற்பது இளைஞருக்கு ஒரு நாள் வேலை. நம் செவிலியச் சகோதரிகள் கற்றுத்தர முன்வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பாம்பு கடித்தால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள்.

மூன்றாவது, பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். மனம் உடைந்து நிற்பவரைத் தனியே விடாதீர்கள். அவரை என்னிடமோ நல்ல மருத்துவரிடமோ அழைத்து வாருங்கள்.

நான்காவது, தலைக்கவசம். திருவிழாச் சப்பரத்துக்கு முன்னே மோட்டார் சைக்கிளில் போகும் தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐந்தாவது, அவசரப் பிரிவில் வேலை செய்யும் நம் மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோரின் வீட்டாரை விசாரியுங்கள். கிறிஸ்துமஸ் இரவில் அவர்கள் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். நடுச்சாமப் பூசைக்கு வரவில்லையே என்று குறை சொல்லாதீர்கள். அவர்கள் வேறொரு பீடத்தருகே நிற்கிறார்கள்.

இங்கே கூடியிருக்கும் பெற்றோரே, அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளையை என்னிடம் அழைத்து வரும்போது, அந்தப் பிள்ளை, "அவசரப் பிரிவுக்குப் போகிறேன்" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அதில் தனி கிளினிக் இல்லை. பெயர்ப் பலகை இல்லை. பிழைத்துப் போகிறவர் திரும்பி வந்து நன்றி சொல்வதும் அபூர்வம். பத்துத் தொழுநோயாளரில் ஒருவன்தானே திரும்பி வந்தான்? அதையும் எழுதி வைத்தவர் மருத்துவர் லூக்காஸ்தான்.

நோயாளரின் ஆரோக்கியமாகிய அன்னை மரியாள், இந்த மதுரை மண்ணில் இரவும் பகலும் விழித்திருக்கும் எல்லா மருத்துவர்களுக்காகவும் செவிலியர்களுக்காகவும், அவர்கள் எம்மதத்தவராயினும், பரிந்து பேசுவாராக. அவர்கள் கைகளை ஆண்டவர் திடப்படுத்துவாராக. வழியில் விழுந்து கிடப்பவரைக் கண்டு நிற்கும் மனத்தை நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, ஆமென்.